தொடங்கி வைக்கப்படாத ஊசி

எங்கள் ஊரில் எதையும் யாராவது வந்து தொடங்கி வைத்தாக வேண்டும். தண்ணீர்த் தொட்டி கட்டி முடித்து, தண்ணீரும் ஏற்றி, மாதக்கணக்கில் ததும்பிக்கொண்டு நின்றது. திறந்து வைக்க ஆள் தேதி கொடுக்கவில்லை என்பதால் பெண்கள் பழைய அடிபம்பையே அடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நிறுத்தத்து நிழற்குடைக்கு ரிப்பன் வெட்டும் வரைக்கும் ஜனங்கள் அதற்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுதான் பஸ் ஏறினார்கள். இதில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நான் மைக்செட் வைத்திருப்பவன். தொடக்க விழா இல்லையென்றால் என் வீட்டில் உலை கொதிக்காது.

என் பெயர் பிச்சை. கடைக்குப் பெயர் செவந்தி சவுண்ட் சர்வீஸ். ஊர், புதுக்கோட்டை மாவட்டத்தில் குன்றாண்டார்கோவிலுக்குப் போகிற வழியில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் வருகிற ஆர்டரும் போய்விடும்.

செவந்தி என் சம்சாரம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் செத்துப்போனாள். ரத்தம் படுவதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ரொம்ப நாள் மறைத்துவிட்டாள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது டாக்டரம்மா, "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க" என்றார். பிறகு என் மகள் கலைமதியைப் பார்த்துவிட்டு, "இது வராம இருக்க இப்ப ஊசி இருக்கு. பாப்பாவுக்கு மறக்காமப் போட்டுருங்க" என்றார். செவந்தி கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அதற்கப்புறம் வலி கொஞ்சம் அடங்கின நேரமெல்லாம் அவள் என்னிடம் பேசியது அந்த ஊசியைப் பற்றித்தான்.

டவுனில் தனியாரில் விசாரித்தேன். விலையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பினேன். அப்புறம்தான் அரசாங்கத்திலேயே இலவசமாகப் போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பதினான்கு முடிந்திருக்க வேண்டும், பதினைந்து ஆகியிருக்கக் கூடாது. கலைமதி ஆடிப்பெருக்கு அன்று பிறந்தவள். ஆடிப்பெருக்கு வந்தால் பதினைந்து. அதற்குள் போட்டாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயின் மகள் செங்கமலம் ஆடி முதல் தேதி பிறந்தவள். ரெண்டும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடம் திறந்த மறுவாரமே முகாம் என்று சொன்னார்கள். மைக்செட் ஆர்டரும் எனக்கே வந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஊசி போடுவதற்கு மைக் எதற்கு?

அன்று காலை பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா, குத்துவிளக்கு, சால்வைக் கட்டு, கத்திரிக்கோல் வைத்த தட்டு எல்லாம் வந்துவிட்டன. மருந்தும் நீலப் பெட்டியில் வந்துவிட்டது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நெட்டையாக இருந்ததால் செங்கமலம்தான் முதல் ஆள், அவளுக்குப் பின்னால் கலைமதி. நர்ஸ் அன்புமொழி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தது.

தயாராகாதது ஒன்றே ஒன்றுதான். வாசலில் கட்டின ஃப்ளெக்ஸில் 'கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி முகாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தலைமையாசிரியை ராஜலட்சுமி டீச்சர் அதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"சார், எதிர்த்தாப்புல பஸ் ஸ்டாப்பு. ஆம்பளையாளுக நின்னு படிப்பாங்க" என்றார்.

அவர் சார் என்றது குணசேகரனை. எங்கள் வட்டாரத்துச் சுகாதார மேற்பார்வையாளர். எந்த விழாவாக இருந்தாலும் ஓடியாடி ஏற்பாடு செய்வது அவர்தான். கடைசியில் நன்றியுரை சொல்வதும் அவர்தான். அந்த நன்றியுரையை நானும் நாற்காலி வாடகைக்கு விடுபவரும் மட்டும்தான் இத்தனை வருஷமாகக் கேட்டுவருகிறோம்.

"அதுகூடப் பரவாயில்ல மேடம். தொடங்கி வைக்க வர்ற ஐயா படம் எங்க இருக்கு பாருங்க. சரியா அந்த வார்த்தைக்குப் பக்கத்துல. வந்து பாத்தார்னா நான் என்ன பதில் சொல்றது?" என்றார் குணசேகரன்.

"அப்ப ஐயா படத்த எடுத்துரலாமா சார்?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் வெள்ளைத்தாள் வாங்கி வந்து அந்த வார்த்தைகளின் மேல் ஒட்டினார்கள். 'தடுப்பூசி முகாம்' மட்டும் மிஞ்சியது. ஐயா அதற்குப் பக்கத்தில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நிஜ ஐயா வரவில்லை. பதினொன்றுக்கு வருகிறார் என்றார்கள். பிறகு பன்னிரண்டுக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள். பிள்ளைகளில் ஒருத்தி மயங்கி உட்கார்ந்தாள். ஊசி போடாமலேயே மயங்கிவிட்டதால் அதை யாரும் பக்கவிளைவில் சேர்க்கவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது, ஐயா வேறொரு ஊரில் ரேஷன் கடைக்கு அடிக்கல் நாட்டுகிறார் என்று தெரிந்தது.

அன்புமொழி எழுந்து வந்தது. "சார், மருந்து இருக்கு. பிள்ளைக இருக்கு. நான் போட்டு விட்டுர்றேனே."

குணசேகரன் அதைப் பரிதாபமாகப் பார்த்தார். "மருந்து இருக்கும்மா. பிள்ளைக இருக்கு. தொடக்கம் எங்கம்மா இருக்கு? தொடங்கி வைக்காத ஊசியப் போட்டா, அது எந்தத் திட்டத்துல சேரும்?"

பெட்டி திரும்பிப் போயிற்று. பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். நான் ஒயரைச் சுருட்டினேன்.

அடுத்த விழாவுக்குள் நோய்க்கு நாகரிகமான பெயர் ஒன்று கண்டுபிடிக்க வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். டீ, வடை, ஒரு தமிழாசிரியர். திட்டத்துக்கு 'மங்கையர் மலர்க் கவசம்' என்று பெயராயிற்று. நோய்க்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாளில், 'மேற்படி நோய் வராமல் தடுக்கும் மேற்படி ஊசியை என் மகளுக்குச் செலுத்தச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்துவிட்டார்கள்.

மேலத்தெரு ராக்கனுக்கும் ஒரு மகள் உண்டு. தாளைப் படித்துவிட்டு நேரே குணசேகரனிடம் வந்தார்.

"மேற்படி நோயின்னா என்னங்க?"

"மேல சொன்னதுதான்."

"மேல எங்கங்க சொல்லிருக்கு? மேல கவர்மெண்டு முத்திரைதான இருக்கு."

"பொம்பளைக விசயம் ராக்கன். விடுங்க. நல்லதுக்குத்தான்."

நல்லதுக்குத்தான் என்று ஒரு அதிகாரி சொன்னால் எங்கள் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். சாயங்காலத்துக்குள் அது குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி என்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில், போட்டால் பிள்ளை பிறக்காது என்று டீக்கடையில் முடிவாகிவிட்டது. அன்புமொழி வீடு வீடாகப் போய், அப்படியெல்லாம் இல்லை என்று விளக்கியது. எந்த நோய்க்கு என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று அதற்கு மேலிட உத்தரவு. எதற்கு என்று சொல்லாமல் எதற்கு இல்லை என்று மட்டும் எவ்வளவு நேரம் சொல்ல முடியும்? பாதிப் பேர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நானும் பொன்னுத்தாயும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

இரண்டாவது விழா ஒரு வியாழக்கிழமை. இந்தத் தடவை ஐயா வந்தே விட்டார். ஐயா என்றால் யார், என்ன பதவி என்று கேட்காதீர்கள். எனக்கும் சரியாகத் தெரியாது. எல்லா ஃப்ளெக்ஸிலும் இருப்பார். வந்ததும் சால்வை போட ஆரம்பித்தார்கள். ஊர்ப் பிரமுகர்கள் போட்டார்கள், துறைக்காரர்கள் போட்டார்கள், போட்டவர்களுக்கு அவர் திருப்பிப் போட்டார். அந்த நேரத்தில் அன்புமொழி ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் போட்டு முடித்திருக்கும். செங்கமலமும் கலைமதியும் வரிசையில் முன்போலவே முதலிலும் இரண்டாவதுமாக நின்றார்கள்.

பிறகு ஐயா மைக்கைப் பிடித்தார். மைக்கை அவர் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்தது நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

"என் அன்புச் செல்வங்களே. இந்த ஊசி எந்த நோய்க்கு என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நம் பண்பாடு" என்று தொடங்கினார். முன்வரிசையில் கைதட்டினார்கள். "என் தாயார் பதினோரு பிள்ளை பெற்றவர். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் நோய் என்று வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். என் மூத்த சகோதரி முப்பத்தெட்டு வயதில் காலமானார். என்ன நோய் என்று கடைசி வரை எங்கள் யாருக்கும் தெரியாது. அவ்வளவு அடக்கம். அந்த அடக்கத்தை நீங்களும் பின்பற்ற வேண்டும்."

அதற்கும் கைதட்டினார்கள். செவந்தியும் அப்படித்தான் அடக்கமாகச் செத்தாள். ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருகி ஸ்பீக்கரை அவர் காது கிழியக் கூவ விடலாமா என்று இருந்தது. ஊசி போட்டு முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கொசுவைப் பற்றிப் பேசினார். கை கழுவுவதைப் பற்றிப் பேசினார். தன்னுடைய எளிமையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். பேச்சு முடிந்து, தட்டு வந்து, கத்திரிக்கோலைக் கையில் எடுத்த பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. ராகு காலம் பிறந்துவிட்டது.

கத்திரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டார். "நம்ம பிள்ளைங்களுக்கு நல்ல நேரத்துலதான் தொடங்கணும் குணசேகரன்" என்றார்.

"மூணு மணிக்கு மேல பாத்துக்கலாங்கய்யா."

"நான் கட்டுமாவடில ஒரு காதுகுத்துக்குப் போகணுமே."

ரிப்பன் வெட்டவில்லை. ஆனால் பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஃபோட்டோவுக்கு ராகு காலம் கிடையாது என்று குணசேகரன் தீர்ப்புச் சொன்னார். வரிசையில் முதலில் நின்ற செங்கமலத்தை நாற்காலியில் உட்கார வைத்து, சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார்கள். அன்புமொழி கையில் ஊசியைக் கொடுத்து, மூடியைக் கழற்றாமல் பிள்ளையின் கையில் வைக்கச் சொன்னார்கள். ஐயா குனிந்து செங்கமலத்தின் தலையில் கைவைத்தார். ஃப்ளாஷ் அடித்தது. "வலிக்கிற மாதிரி மூஞ்சிய வையி பாப்பா" என்றார் ஒருவர். அந்தப் பிள்ளையும் வைத்தது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. 'மங்கையர் மலர்க் கவசம் திட்டத்தில் தடுப்பூசி செலுத்திக்கொண்ட மாணவி செங்கமலம்' என்று போட்டிருந்தார்கள். பொன்னுத்தாய் அதை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தது. "எப்பண்ணே நெசமாப் போடுவாக?" என்று என்னிடம் கேட்டது. எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

நான் குணசேகரனின் ஆபீசுக்கு நடந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. அதற்குள் ஆடியும் பிறந்துவிட்டது.

"சார், ஆடிப்பெருக்கு வந்துட்டா எம் மகளுக்கு வயசு தாண்டிரும். கொஞ்சம் பாருங்க" என்றேன்.

"ஆடில யாராச்சும் நல்ல காரியம் தொடங்குவாங்களா பிச்சை? ஐயா ஆவணி மொத முகூர்த்தத்துல தேதி குடுத்திருக்காரு."

"ஊசிக்கு ஆடி என்ன சார், ஆவணி என்ன சார்?"

"ஊசிக்கு இல்லப்பா. தொடக்கத்துக்கு."

"செவந்தி செத்தது மார்கழில சார். அதுலயும் நல்ல காரியம் பண்ண மாட்டாங்க. நோயி மாசம் பாத்துக்கிட்டா வந்துச்சு?"

அவர் முகம் இளகியது. கல்நெஞ்சுக்காரர் என்று சொல்ல மாட்டேன். "புரியுது பிச்சை. ஒண்ணு செய்யி. ஒரு மனு எழுதிக் குடு. குறைதீர் முகாமுல வச்சு ஸ்பெஷலா முடிச்சுத் தாரேன்" என்றார்.

"குறைதீர் முகாம் எப்ப சார்?"

"ஆவணில. அதையும் ஐயாதான் தொடங்கி வைக்கிறாரு."

வெளியே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து சுகாதார நிலையத்துக்குப் போனேன். அன்புமொழி என்னைப் பார்த்ததுமே கண்ணைத் தாழ்த்திக்கொண்டது.

"மருந்து ஃப்ரிட்ஜ்லயே கெடக்குண்ணே. புதன்கிழமை பச்சப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி எடுக்கிறப்பல்லாம் கையில படுது. தொடங்கி வைக்காமத் தொடக் கூடாதுன்னு சார் கண்டிஷனாச் சொல்லிட்டாரு. யாராச்சும் ஒரு ரிப்பன வெட்டினாப் போதும், நான் போட்டுருவேன்."

யாராச்சும். அந்த வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது. இத்தனை வருஷம் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்னத்தைப் பார்த்தேன்? ஒவ்வொரு விழாவிலும் கத்திரிக்கோல் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பது குணசேகரன். பிறத்தியார் வெட்டுகிறபோது அவர் விரல்கள் தட்டுக்கு அடியில் தானாக அசையும். ஒரு தடவைகூட அவரை யாரும் வெட்டச் சொன்னதில்லை.

ஆடியில் எனக்கு ஆர்டருக்குக் குறைவில்லை. மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் என் குழாய் ஸ்பீக்கர்கள் நாலு திசைக்கும் கட்டியிருந்தன. கோயிலுக்கு எதிரேதான் சுகாதார நிலையம். புதன்கிழமை காலையில் வாசலில் இரண்டு கம்பு நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டினேன். ஒரு மேஜை, ஒரு சால்வை, ஒரு தட்டு, வீட்டுக் கத்திரிக்கோல். அம்மன் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தேன்.

"ஹலோ, ஹலோ. தாய்மாருக எல்லாருக்கும் வணக்கம். மைக்செட் பிச்சை பேசுறேன். என் சம்சாரம் செவந்தி கருப்பை வாய்ப் புத்துநோய் வந்து செத்தா. கருப்பைக்கு வாசல்ல வர்ற புத்துநோய். அது வராமத் தடுக்க ஊசி இருக்கு. அதத்தான் மேற்படி மேற்படின்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. குடும்பக் கட்டுப்பாடு இல்ல. பிள்ளை பொறக்காமப் போகாது. பதினாலு முடிஞ்சு பதினஞ்சு ஆகாத பொம்பளைப் பிள்ளைகள இப்பவே ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வாங்க."

பூசாரி ஓடி வந்தார். "ஆத்தா முன்னாடி என்ன வார்த்த பேசுற பிச்ச?"

"ஆத்தாவுக்குத் தெரியாத வார்த்தையா சாமி?" என்றேன். அவர் யோசித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுபடி சொன்னேன். மறுபடியும் சொன்னேன். முதலில் ராக்கனின் சம்சாரம் மகளை இழுத்துக்கொண்டு வந்தது. "இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான. எங்க சித்தியும் அதுலதான் போனுச்சு" என்றது. அப்புறம் நாத்து நட்டுக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக் காலோடு வந்தார்கள். ராஜலட்சுமி டீச்சரே காதைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்தார். கலைமதி முன்னால் நின்றாள்.

குணசேகரன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. "யாரக் கேட்டு இதெல்லாம் பண்ற? ஒலிபெருக்கில அசிங்கமாப் பேசினதுக்கு ஒம் மேல..."

"தொடக்க விழா சார்" என்று சால்வையைப் பிரித்தேன். "தொடங்கி வைக்கப் பெரிய ஆளா வேணும்னு ஜனங்க ஆசப்படுறாங்க. எனக்கு ஒங்கள விட்டா யாரையும் தெரியல."

அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. கூட்டத்தைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். "நானா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆடி மாசமாச்சேப்பா" என்றார்.

"ஆடி ஆத்தாவுக்கு உகந்த மாசம் சார். பொம்பளைப் பிள்ளைக காரியம்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் தட்டை ஏந்தினேன். அவர் கத்திரிக்கோலை எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. வெட்டினார். எல்லாரும் கைதட்டினோம். மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் உள்ளே ஓடினேன்.

"தொடங்கியாச்சாண்ணே?" என்றது அன்புமொழி.

"தொடங்கியாச்சு தாயி. போடு."

கலைமதி கையை நீட்டினாள். நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். "அவ்வளவுதாம்ப்பா" என்றாள். அவ்வளவுதான். ஒரு நொடி வேலை. செவந்தி, போட்டாச்சு என்று மனசுக்குள் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். அவளுக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து போட்டுக்கொண்டு போனார்கள். வெளியே குணசேகரன் தன்னுடைய இளமைக்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் பொன்னுத்தாய் களையெடுத்த கையோடு ஓடி வந்தது. அன்று பள்ளிக்கூடம் போகாமல் அம்மாவுக்கு ஒத்தாசையாக வயலுக்குப் போயிருந்த செங்கமலம் மூச்சு வாங்கிக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினாள். அவளுக்குத்தான் சுருட்டிப் பழக்கமாகிவிட்டதே.

அன்புமொழி ஆதார் அட்டையைப் பார்த்தது. திரும்பவும் பார்த்தது. "அக்கா, இவளுக்குப் பதினஞ்சு ஆயிருச்சே" என்றது.

"போன வாரந்தான் தாயி. ஆடி ஒண்ணாந்தேதி."

"ஆனா கம்ப்யூட்டரு எடுக்காதுக்கா."

"அன்னிக்கு மொத ஆளா நின்னாளே. ரெண்டு தடவையும் அவதான மொத ஆளு. பேப்பர்லகூடப் போட்டாகளே."

அன்புமொழி அட்டையைத் திருப்பிக் கொடுத்தது. ஊசிப் பெட்டிக்குள் மருந்து இன்னும் இருந்தது. செங்கமலம் தன் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுருட்டின கையை மெதுவாக இறக்கி விட்டுக்கொண்டாள். கலைமதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். என்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேப்பமரத்திலிருந்து குணசேகரனின் குரல் நாலு திசைக்கும் கேட்டது. "மேற்படி நோய்க்கான மேற்படி ஊசியில் நம் வட்டாரத்தில் ஒரு பெண்கூட விடுபடவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் பேப்பரில் வந்த நம் மாணவி செங்கமலத்தின் படத்தை..."

நான் எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினேன்.

அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார்.